எனக்கான குர்தாவை மீண்டும் நானே தைக்கத் தொடங்கியபோது

பல ஆண்டுகளாக மூடிக் கிடந்த தையல் இயந்திரத்தைச் சிக்கனத்தை நினைத்து நான் திறக்கவில்லை. துணி, நூல், லைனிங் எல்லாவற்றையும் வாங்கி வீட்டில் தைத்தால், கடையில் தொங்கும் ஆயத்தக் குர்தாவைவிடச் சில சமயம் கூடுதலாகவே செலவாகும் என்பது தைப்பவர்களுக்குத் தெரியும். என் குறை வேறு. தோளுக்குச் சரியாக அமைவது இடுப்பில் பிடிக்கிறது; இடுப்புக்குச் சரியானதை எடுத்தால் தோள் கைப்பக்கம் இறங்கித் தொங்குகிறது; இரண்டும் அமைந்த ஒன்றிரண்டிலும் பை இருப்பதில்லை. எம், எல், எக்ஸ்எல் என்னும் அளவுகள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகின்றன. அவற்றில் பல வெளிநாட்டு உடலளவுப் பட்டியல்களைத் தழுவியவை. இந்தியர்களுக்கென்று ஒரு பட்டியல் வேண்டும் என்பதற்காகவே, ஆடை வடிவமைப்பு கற்பிக்கும் தேசிய நிறுவனமான நிஃப்ட் ஆறு நகரங்களில் 15 முதல் 65 வயது வரையுள்ள 25,000 பேரை முப்பரிமாண ஸ்கேனர்களால் அளக்கும் திட்டத்தைக் கையில் எடுத்தது. ஆனால் எத்தனை பேரை அளந்து சராசரி கண்டாலும், என் முதுகும் தோளும் அந்தச் சராசரிக்குள் அடங்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

என்னுடையது காலால் மிதிக்கும் பழைய கறுப்பு இயந்திரம். நெடுநாள் ஓடாமல் நின்றுவிட்டால் உள்ளே இருக்கும் எண்ணெய் பிசினாகக் கெட்டிப்பட்டுவிடும். அதன்மேல் புது எண்ணெயை ஊற்றிப் பயனில்லை. எண்ணெய்த் துளைகளில் முதலில் சில சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, நூல் கோக்காமல் சற்று நேரம் ஓட்டி, கரைந்து வரும் அழுக்கைத் துடைத்த பிறகே தையல் இயந்திர எண்ணெய் விட வேண்டும். (அடுப்படியில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் விடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள், இயந்திரத்தை இறுகவைக்க அதைவிட நல்ல வழி கிடையாது.) பழைய பருத்தி நூல் கையால் இழுத்ததும் அறுந்தது, எறிந்துவிட்டேன். ஊசியையும் மாற்றி, நடுத்தரப் பருத்திக்கு ஏற்ற 14ஆம் எண்ணைப் போட்டேன். துணியின் அடிப்பக்கம் நூல் வளைய வளையமாகத் தொங்கினால் எல்லோரும் முதலில் அடிநூல் இருக்கும் பாபின் கேஸைத்தான் கழற்றுவார்கள். பெரும்பாலும் கோளாறு மேல்நூலில்தான் இருக்கும். மேல்நூல் இறுக்கத் தகடுகளுக்கு நடுவே சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்தாலே பாதி பிரச்சினை தீர்ந்துவிடும்.

இயந்திரம் தயாராகிவிட்டது, அதை ஓட்டுபவளின் உடல்தான் பழைய அளவில் இல்லை. பழுப்புத் தாளில் வெட்டிச் சுருட்டி வைத்திருந்த பழைய அச்சுகள் அப்படியே இருந்தன. அவற்றைப் பயன்படுத்தும் ஆசையை அடக்கி, எல்லா அளவுகளையும் புதிதாக எடுத்தேன். தோள் அகலத்தையும் முதுகு நீளத்தையும் ஒருவர் தமக்குத்தாமே சரியாக அளந்துகொள்ள முடியாது என்பதால், இஞ்ச் டேப்பை மகளிடம் கொடுத்தேன். இடுப்புக்கு வந்ததும், "மூச்சை விடும்மா, இல்லாவிட்டால் தைத்த பிறகு சாப்பிடவே முடியாது" என்றாள். எலும்பளவான தோள் அகலம் ஏறக்குறைய மாறவில்லை. மார்பு, இடுப்பு, கைச்சுற்றளவு ஆகியவை மாறியிருந்தன. கணினிக்கு முன்னால் குனிந்தே உட்கார்ந்து மேல்முதுகும் சற்று வளைந்திருந்தது. முதுகு வளைந்தவர்களுக்குச் சாதாரண அளவில் வெட்டினால் துணி பின்னால் இழுக்கப்பட்டு, முன்கழுத்து தொண்டையை நோக்கி ஏறும். வாங்கிய குர்தாக்களை நாள் முழுவதும் முன்பக்கம் இழுத்துவிட்டுக்கொண்டே இருந்ததன் காரணம் அன்றுதான் புரிந்தது. ஆகவே முதுகுப் பாகத்தின் நீளத்தை மட்டும் அரை அங்குலம் கூட்டினேன்.

நல்ல துணியில் கத்தரி வைப்பதற்கு முன், நைந்துபோன ஒரு வேட்டியில் வெட்டிப் பெரிய தையலாக ஓட்டிப் போட்டுப் பார்த்தேன். வேட்டி இல்லாதவர்கள் காடாத் துணி வாங்கிக்கொள்ளலாம். அசல் துணியாகக் கைத்தறிப் பருத்தியைத் தேர்ந்தெடுத்து, இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தித் தேய்த்தேன். சுருங்க வேண்டிய துணி வெட்டுவதற்கு முன்பே சுருங்கிவிட வேண்டும். ஓரம் கோணலாக இருந்தால் குறுக்காக ஓடும் ஊடை நூல் ஒன்றைப் பிடித்து மெல்ல இழுத்தால் துணியில் ஒரு கோடு விழும். அந்தக் கோட்டில் வெட்டினால் நேராக வரும். பாப்ளின் துணியைக் கடைக்காரர் கத்தரிக்காமல் கிழித்துத் தருகிறாரே, அதுவும் நூலோட்டத்திலேயே போவதால் நேராகத்தான் இருக்கும்.

வெட்டும் கணக்கு நம் ஊர்த் தையற்காரர்களுடையது. மார்புச் சுற்றளவு 36 அங்குலம் என்றால் நான்கில் ஒரு பங்கு 9. தளர்வுக்கு 1, உள்தையலுக்கு, அதாவது தையலுக்கு அப்பால் உள்ளே விடும் துணிக்கு, 1. ஆக மடித்த துணியில் 11 அங்குலம் குறிக்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் வெளிநாட்டு அச்சுகளில் உள்தையலுக்குப் பெரும்பாலும் ஒன்றரை செண்டிமீட்டர்தான் விடுகிறார்கள். அவை சுத்தமாக, மெல்லியதாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனாலும் ரவிக்கையின் பக்கவாட்டில் அடுத்தடுத்து இரண்டு மூன்று தையல் போட்டு, உடம்பு வைத்தால் ஒரு வரியைப் பிரித்துவிட்டுக்கொள்ளச் சொல்லும் நம் வழக்கத்தில்தான் எனக்கு மதிப்பு அதிகம். உடல் மாறும் என்பதைத் தைக்கும்போதே ஒப்புக்கொள்ளும் முறை அது. என் குர்தாவிலும் அந்த ஓர் அங்குலத்தைக் குறைக்கவில்லை.

பைதான் அதிக நேரம் எடுத்தது. பக்கவாட்டுத் தையலுக்குள் பை வைக்க வேண்டுமென்றால் அதன் வாய் முடிந்த பிறகே ஓபன், அதாவது குர்தாவின் பக்கவாட்டுப் பிளவு, தொடங்க வேண்டும்; செல்பேசியும் கையும் தாராளமாக நுழைய வாய் ஆறரை அங்குலமாவது இருக்க வேண்டும். எனவே ஓபனை வழக்கத்தைவிட இரண்டு அங்குலம் இறக்கினேன். நடக்கும்போது அது எந்த இடைஞ்சலும் தரவில்லை. பைத் துணியை முன்பக்கம் மடங்கும்படி வைத்து, வாயின் இரு முனைகளிலும் முன்னும் பின்னுமாக ஓட்டிக் கெட்டித் தையல் போட்டிருக்கிறேன். பாரம் ஏறும்போது முதலில் பிரிவது அந்த முனைகள்தான்.

அடுத்ததாகக் காலர் வைத்த சட்டை ஒன்றைத் தைக்கும் எண்ணம் இருக்கிறது. காலருக்குள் வைக்கக் கேன்வாஸ் துணி வாங்க வேண்டும். என் இயந்திரம் நேர்த்தையல் மட்டுமே போடும் என்பதால், பொத்தான் துளைகளுக்குக் கடைத்தெருவில் காஜா அடித்துத் தருபவரிடம்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.