பெட்டி தயார், பாம்பு இல்லை

செப்டம்பர் 2

படம் வந்துவிட்டது. ஒரே ஈட்டில் பொரிந்த கார்ன் ஸ்நேக் (வீட்டில் வளர்க்கிற விஷமில்லாத பாம்பு) குட்டிகள் எல்லாம் ஈரத்தாளின் மேல் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் ஷூ நாடா அளவுதான். 25 செ.மீ. நீளம், 6 கிராம் எடை இருக்கும் என்றார் வளர்ப்பவர்.

நான் கேட்டது சாம்பல். சிவப்பு நிறமியே இல்லாத வகை. கறுப்பும் சாம்பலும் மட்டும். பக்கத்தில் ஒரு ஆரஞ்சுக் குட்டி, உடம்பில் ஒரு சொட்டுக் கறுப்பு இல்லை, கண்ணும் சிவப்பு. எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்பார்களாம். கேட்கட்டும்.

முதல் சட்டை உரித்த பிறகுதான் இரை கொடுத்துப் பார்ப்பார். தொடர்ந்து ஐந்து முறை மறுக்காமல் எடுத்தால்தான் கையில் தருவாராம். இந்த நிபந்தனைக்காகவே இவரிடம் போனேன். பணத்தை வாங்கிக்கொண்டு அன்றே டப்பாவில் போட்டுக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள்.

செப்டம்பர் 4

"அக்கா ரூம்லயா வைக்கப் போறே?"

"வேற எங்கம்மா?"

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் பார்த்தால் அக்காவின் துணிகளையெல்லாம் தன் அலமாரிக்கு மாற்றிக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் 5

பாம்பைக் கண்டால் படையும் நடுங்கும் என்று இன்றும் ஒருவர் சொன்னார். வேறு ஏதாவது சொல்லலாம் என்று யாருக்கும் தோன்றாதா?

செப்டம்பர் 9

வெப்பம். நாள் முழுக்க இதே வேலை.

கார்ன் ஸ்நேக்குக்குப் பெட்டியின் ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் குளிர்ந்தும் இருக்க வேண்டும். சூடான பக்கம் 30 முதல் 32 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 22 முதல் 25. உடம்புக்குத் தேவையான சூட்டை அதனால் உண்டாக்கிக்கொள்ள முடியாது. இரை செரிக்க வேண்டுமென்றால் இந்தப் பக்கம் வரும், போதுமென்றால் அந்தப் பக்கம் போகும். இதுவரை எளிது.

ஆனால் எங்கே அளக்கும் 30? காற்றிலா, மரச்சீவலின் மேலா, சீவலுக்கு அடியில் சூடேற்றும் விரிப்பான ஹீட் மேட்டின் மேலேயா? மூன்று இடத்திலும் மூன்று எண் வருகிறது. சீவலின் மேல் 29 காட்டும்போதே தோண்டி மேட்டின் மேல் சென்சாரை வைத்தால் 36. இந்தப் பாம்போ புதைந்து படுக்கிற சாதி. சீவலை விலக்கிக்கொண்டு அடிவரை போய் நேராக அந்த 36-இன் மேல்தான் படுக்கும். சூடு பட்டால் நாம் கையை இழுத்துக்கொள்கிறோம். பாம்பு பல நேரம் நகராமல் அங்கேயே கிடந்து வயிற்றுச் செதில்கள் வெந்துபோகும். அந்தப் படங்களை நான் பார்த்திருக்கக் கூடாது. சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாத மேட் 40-ஐச் சாதாரணமாகத் தாண்டுமாம்.

ஆகவே சென்சார் மேட்டின் மேலேயே இருக்க வேண்டும், அசையாமல். தெர்மோஸ்டாட்டை 31-இல் வைத்தேன். அது காட்டும் எண்ணை நம்பாமல் பார்க்கத் தனியாக ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டரும் வைத்தேன். ஒட்டுகிற வட்ட முள் மீட்டரைத் தூக்கிப் போட்டாயிற்று. அது நினைத்ததைக் காட்டுகிறது.

ராத்திரி எழுந்துபோய்ப் பார்த்தேன். 31.4.

செப்டம்பர் 10

31.2.

செப்டம்பர் 13

சாம்பல் முதல் சட்டையை உரித்துவிட்டதாம். இனி இரை.

இருபது வருடம் வாழும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் அதற்கு மேலும். எனக்கு அப்போது 54. அம்மாவின் வயதைக் கூட்டிப் பார்க்கவில்லை.

செப்டம்பர் 16

ஃப்ரீசர் பேச்சுவார்த்தை முடிந்தது. கீழ் அறை அம்மாவுடையது, தொடக் கூடாது. மேல் அறையில் ஓர் ஓரம் எனக்கு; மூடி இறுகப் பொருந்துகிற டப்பா, அதன் மேல் ஒரு பை, பையின் மேல் இன்னொரு பை. வெளியே எதுவும் எழுதி ஒட்டக் கூடாது என்பது அம்மாவின் நிபந்தனை. "எழுதினா அதையே பார்த்துட்டு இருப்பேன்."

டப்பாவில் இருப்பவை பிங்கிகள். பிறந்து ஓரிரு நாளே ஆன சுண்டெலிக் குஞ்சுகள், முடி முளைக்கும் முன்பே உறைய வைத்தவை. முந்தைய நாள் ராத்திரி ஃப்ரிட்ஜின் தட்டுக்கு மாற்ற வேண்டும், கொடுக்கப்போகும் முன் பைக்குள் வைத்தபடியே வெந்நீரில் இறக்கி உடல் சூட்டுக்குக் கொண்டுவர வேண்டும். மைக்ரோவேவில் வைக்கவே கூடாது. வெளியே வெந்து உள்ளே பனிக்கட்டியாக இருக்கும், வெடிக்கவும் செய்யும். இடுக்கியால் பிடித்துத்தான் நீட்ட வேண்டும், இல்லையென்றால் விரலும் இரையும் அதற்கு ஒன்றுதான்.

உயிருள்ள எலி ஏன் கூடாது என்று தம்பி கேட்டான். எலி திருப்பிக் கடிக்கும்டா என்றேன். அவனுக்கு அது நியாயமாகவே பட்டது.

செப்டம்பர் 19

சாம்பல் எடுக்கவில்லை. ஆரஞ்சு எடுத்தது.

முதல் முறை மறுப்பது சகஜம் என்கிறார். சகஜம்தான்.

செப்டம்பர் 21

இடுக்கு.

பெட்டி மரம், முன்பக்கம் மட்டும் இரண்டு நகரும் கண்ணாடிகள். நடுவே ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும் இடத்தில் ஓர் இடைவெளி இருக்கிறது. பென்சிலை விட்டுப் பார்த்தேன், சரளமாக உள்ளே போனது. தலை நுழையும் இடத்தில் உடம்பு முழுக்க நுழைந்துவிடும் என்பார்கள். குட்டியின் தலை பென்சிலைவிடச் சின்னது.

செப்டம்பர் 22

சீல் பட்டை ஒட்டினேன். கண்ணாடி நகர மறுக்கிறது. பிய்த்தேன்.

செப்டம்பர் 23

கனவில் அது கண்ணாடிகளுக்கு நடுவே தட்டையாகி நின்றது. எனக்குக் கோபம் வந்தது, பயம் இல்லை. எதன் மேல் கோபம் என்று தெரியவில்லை.

செப்டம்பர் 26

சாம்பல் இரண்டாவது முறையும் எடுக்கவில்லை.

மருத்துவர் தேடல். "பாம்பா?" என்று கேட்டுவிட்டு போனில் சிரிக்கிறார்கள். ஒருவர் நாய், பூனை, கிளி வரை பார்ப்பாராம். கிளியோடு எல்லை முடிகிறது. கடைசியில் ஊர்வன பார்க்கிற ஒருவர் கிடைத்தார், தொலைவுதான். வாயைத் திறந்து மூச்சுவிட்டாலோ, மூக்கோரம் குமிழி வந்தாலோ நுரையீரல் தொற்றாக இருக்கலாம், காத்திருக்காமல் கொண்டுவாருங்கள் என்றார். முதல் சில வாரங்களுக்கு மரச்சீவல் வேண்டாம், வெள்ளைத் தாள் விரியுங்கள், உண்ணி இருந்தால் கறுப்புப் புள்ளியாக உடனே தெரியும் என்றும் சொன்னார். வாங்கி வைத்திருக்கும் ஆஸ்பென் சீவல் மூட்டையைப் பார்த்தேன். இருக்கட்டும். தேவதாரு, பைன் சீவல் வாங்கவில்லையே, அதன் எண்ணெய் நெடி பாம்புக்கு ஆகாது.

இன்னொன்றும் சொன்னார்: தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், தண்ணீர்க் கிண்ணத்தை அடுப்படித் தொட்டியில் கழுவக் கூடாது. சால்மோனெல்லா, வயிற்றுப்போக்கு வரவழைக்கும் கிருமி. அம்மாவிடம் இந்தச் சொல்லை இன்னும் சொல்லவில்லை, விஷயத்தை மட்டும் சொல்லியிருக்கிறேன்.

செப்டம்பர் 28

அக்கா போன் பண்ணினாள். "பேர் வெச்சுட்டியாடி?" இல்லை. இரை எடுக்காத பாம்புக்கு எப்படிப் பேர் வைப்பது?

தன் அறையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

அக்டோபர் 3

இன்றும் இல்லை.

வளர்ப்பவர் என்னென்ன செய்து பார்த்தார் என்று வரிசையாகச் சொன்னார். பிங்கியைக் கழுவி வாசனை போக்கிக் கொடுத்திருக்கிறார். அதன் மண்டையைக் கீறி மூளை வாசம் வரும்படி கொடுத்திருக்கிறார். சின்னக் கிண்ணத்தில் இரையோடு சேர்த்து மூடி இருட்டில் ராத்திரி முழுக்க விட்டிருக்கிறார். காலையில் குட்டி ஓர் ஓரத்தில், பிங்கி ஓர் ஓரத்தில். அடுத்தது பல்லி வாசனையாம். காட்டில் இந்தக் குட்டிகள் முதலில் சின்னப் பல்லிகளையும் தவளைகளையும் பிடிக்கும், அதனால் பிங்கியைப் பல்லியின் மேல் தேய்த்துக் கொடுத்தால் சில எடுக்கும்.

"எல்லாக் குட்டியும் தேறாது. முதல் பாம்பு வாங்குறீங்க. ஆரஞ்சு மூணு தடவை எடுத்தாச்சு. யோசிச்சு சொல்லுங்க."

என்ன யோசிப்பது? அவர் சொல்வது சரி. முதல் முறை வளர்க்கிறவள் கையில் இரை எடுக்காத குட்டியைத் தரும் ஆளாக இருந்தால் அவரை நான் நம்பியிருக்கவே மாட்டேன். பல்லி தேய்க்க நான் எங்கே போவேன்? குட்டியின் உடம்பில் கொழுப்பு எவ்வளவு மிச்சம் என்று என் கண்ணுக்குத் தெரியுமா? மலைப்பாம்பு வகையில், பந்துபோல் சுருண்டுகொள்ளும் 'பால்' (ball) பைத்தான் மாதக்கணக்கில் பட்டினி கிடந்தும் நலமாக இருக்கும் என்கிறார்கள், ஆனால் அது வளர்ந்த பால் பைத்தான். இது 6 கிராம் கார்ன் ஸ்நேக். இப்போது எத்தனை கிராமோ? கேட்கவில்லை.

ஆனாலும் அந்தப் படத்தைத்தான் திறந்து பார்க்கிறேன். சாம்பல் குட்டி மற்றவற்றின் அடியில் பாதி மறைந்திருக்கிறது, தலை மட்டும் வெளியே. பாம்புக்கு இமை கிடையாது, கண்ணின் மேல் ஒரு கண்ணாடிச் செதில் மட்டும். அதனால் எந்தப் பாம்பும் நம்மையே பார்ப்பதுபோல்தான் இருக்கும். தெரிந்தும் பார்க்கிறேன்.

இருபது வருடம் என்று கணக்குப் போட்டவள் நான்.

அக்டோபர் 4

30.9. பெட்டியில் யாரும் இல்லை, மேட் மட்டும் ஓடுகிறது. மின்சாரம் வீண் என்றாள் அம்மா. நியாயம்தான். அணைக்கவில்லை.

அக்டோபர் 7

ஆரஞ்சு என்று சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 8

நாள் முழுக்க எரிச்சல். தம்பி ஏதோ கேட்டான், கத்தினேன்.

அக்டோபர் 11

மரப்பெட்டியை ஓரம்கட்டியாயிற்று, குட்டி வளரும்வரை. இப்போதைக்கு இரு பக்கமும் கிளிப் போட்டுப் பூட்டும் பிளாஸ்டிக் பெட்டி. காற்றுத் துளைகளைச் சூடான ஊசியால் போட்டேன், பென்சில் என்ன, பென்சில் முனைகூட நுழையாது. ஹீட் மேட் பெட்டிக்கு வெளியே, அடியில், மூன்றில் ஒரு பங்கு இடத்துக்கு மட்டும். ஆக வெப்பக் கணக்கு மறுபடியும் முதலிலிருந்து. பிளாஸ்டிக்கின் உள்பக்கத் தரையில் 31 வர, மேட்டை 33-இல் வைக்க வேண்டியிருக்கிறது.

ஒளிவிடம் இரண்டு, ஒன்று சூட்டில், ஒன்று குளிரில். ஒன்று மட்டும் இருந்தால் பாதுகாப்பா வெப்பமா என்று அது தேர்ந்தெடுக்க வேண்டிவரும். பெரும்பாலும் பாதுகாப்பைத் தேர்ந்தெடுத்து, செரிக்க முடியாமல் கிடக்கும். முதுகும் விலாவும் சுவரில் உரசும் அளவுக்குக் குறுகலாக இருக்க வேண்டுமாம். நான் முதலில் வாங்கிய அழகான குகை அதற்கு மண்டபம். காலி அட்டைக்குழாயை வெட்டி வைத்தேன், பிரமாதமாக இருக்கிறது. மிச்சமிருந்த இடத்தையெல்லாம் செயற்கை இலைகளால் நிரப்பினேன். குட்டிக்குப் பெரிய இடம் ஆகாது என்று ஒரு கட்சி, ஆகும் என்று ஒரு கட்சி. வெட்டவெளிதான் ஆகாது என்பது என் கட்சி.

அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இவ்ளோதான் இருக்குமா?" என்றாள்.

அக்டோபர் 15

ஆரஞ்சு ஐந்தாவது முறையும் எடுத்துவிட்டது. சாம்பலைப் பற்றி அவராகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அக்டோபர் 16

கேட்டேன். பல்லி தேய்த்த பிங்கி ஒன்றை எடுத்ததாம். ஒன்று. அதற்கப்புறம் தேய்க்காததைக் கொடுத்ததும் மறுபடி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அக்டோபர் 18

வந்துவிட்டது.

துணிப்பைக்குள், பை டப்பாவுக்குள், டப்பா என் மடியில். வழியில் ஒரு முறைகூடத் திறக்கவில்லை. பெட்டிக்குள் பையை அவிழ்த்ததும் வெளியே வந்து, வாலைத் தாளின் மேல் படபடவென்று அதிரவைத்தது. என் கை மேல் ஒரு துர்நாற்றத் திரவம். மிரண்டால் அப்படித்தான் செய்யும். அப்புறம் நாக்கை நீட்டி நீட்டிப் பார்த்தது, காற்றிலிருக்கும் வாசத்தை நாக்கால் எடுத்து மேலண்ணத்திலிருக்கும் ஜேக்கப்சன் உறுப்பில் வைத்துத்தான் அதற்கு எதுவும் புரியும். நான் என்ன வாசமோ. பிறகு அட்டைக்குழாய்க்குள் போய்விட்டது. குளிர்ந்த பக்கக் குழாய்.

ஒரு வாரத்துக்குத் தொடக் கூடாது. இரையும் அதற்கப்புறம்தான்.

அம்மா வந்து பார்த்தாள். "எங்கே?"

அக்டோபர் 19

காணோம். அதாவது குழாய்க்குள் இருக்கிறது. இருக்கும்.

அக்டோபர் 21

ராத்திரி டார்ச் அடித்துப் பார்க்கலாமா என்று நின்றேன். வேண்டாம் என்று வந்தேன். தாளில் ஒரு மடிப்பு புதிதாக இருக்கிறது, ராத்திரியில் எங்கோ போய்வந்திருக்கிறது. சூடான பக்கம் 31.1. அது அந்தப் பக்கம் போனதா?

அக்டோபர் 22

"உன்னை அடையாளம் தெரிஞ்சுக்குமா?"

"தெரியலம்மா. பயப்படாம இருந்தா போதும்."

"அதுவா, நீயா?"

தம்பி சிரித்தான். நானும்தான்.

அக்டோபர் 23

மூன்று கிளிப்பும் பூட்டியிருக்கின்றன. நான்காவதும். பார்த்துவிட்டுப் படுத்து, மறுபடி எழுந்து பார்த்தேன்.

அக்டோபர் 24

தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் எச்சம்! கொஞ்சம் பழுப்பு, கொஞ்சம் வெள்ளை யூரேட், அதாவது அதன் கெட்டியான சிறுநீர். உண்ணிப் புள்ளி ஒன்றுகூட இல்லை. அக்காவுக்குப் படம் அனுப்பினேன். இதையெல்லாம் எனக்கு ஏன்டி அனுப்புறே என்று பதில்.

அம்மா தானாகவே ஃப்ரீசர் மேல் அறையைத் திறந்து, டப்பாவை முன்னால் நகர்த்தி வைத்திருக்கிறாள். நாளைக்குத்தானே, கைக்கு எட்டட்டும் என்றாள்.

வளர்ப்பவரிடமிருந்து செய்தி: சாம்பல் பல்லி தேய்க்காத ஒன்றை இன்று காலை எடுத்தது.

ஒரு பிங்கியைத் தட்டுக்கு மாற்றியாயிற்று. நாளை ராத்திரி எட்டு மணிக்கு, விளக்கை அணைத்துவிட்டு.