கோணேசர் மலையிலிருந்து தம்பலகாமத்து வயல் வரை: மூன்று பைனாகுலர், மூன்று நாள்

போன வருடம் வைகாசியில், திருகோணமலைக் கடலில், எங்கள் படகிலிருந்து ஒரு கிலோமீற்றர் தள்ளி ஒரு நீலத் திமிங்கலம் மூச்சு விட்டது. படகில் இருந்த ஏழு பேரில் ஆறு பேர் பார்த்தார்கள். ஏழாவது ஆள் நான். அந்த நேரம் என் கண்ணில் 12×25 பைனாகுலர் ஒன்று இருந்தது. எண் பெரிதாக இருக்கிறதே என்று வாங்கியது. படகு ஆட ஆட, அந்தச் சின்ன வட்டத்துக்குள் கடலும் வானமும் மாறி மாறிப் பாய்ந்தன. கண்ணாடியை இறக்கிப் பார்த்தபோது கடல் மேல் புகை மாதிரி ஏதோ கரைந்துகொண்டிருந்தது.

அந்தக் கவலை வருடம் முழுக்க இருந்தது. இந்தப் பங்குனிக் கடைசியில் வவுனியாவிலிருந்து ஹொரவப்பொத்தானை வழியாக மறுபடி பஸ் ஏறினேன். பையில் என் பழைய 12×25, நண்பர் இரவல் தந்த 8×42. உப்புவெளியில் இருக்கும் மச்சானிடம் ஒரு 10×42 இருந்தது. மூன்றையும் கடல், களப்பு, வயல் என்று கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, எனக்கு எது வேண்டும் என்று முடிவு செய்வதுதான் பயணத்தின் நோக்கம்.

எண்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 8×42 என்றால் எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்பக்க வில்லையின் விட்டம் 42 மில்லிமீற்றர். எட்டு மடங்கு என்பது 800 மீற்றரில் நிற்கும் யானை 100 மீற்றரில் நிற்பதுபோலத் தெரிவது. கடைக்காரர் சொல்லாத கணக்கு இன்னொன்று இருக்கிறது. வில்லை விட்டத்தை மடங்கால் பிரித்துப் பாருங்கள். 42ஐ 8ஆல் பிரித்தால் 5.25. கண்ணுக்குள் வந்து விழும் ஒளிவட்டத்தின் அகலம் அது. 10×42க்கு 4.2. என் 12×25க்கு 2 மில்லிமீற்றரும் சொச்சமும்தான். பகல் வெயிலில் நம் கண்மணியும் சுருங்கித்தான் இருக்கும், அதனால் வித்தியாசம் தெரியாது. கருக்கலில் கண்மணி ஐந்து, ஆறு மில்லிமீற்றருக்கு விரியும். இளம் வயதில் ஏழுகூட வரும். அப்போது 2 மில்லிமீற்றர் வெளிச்சம் எந்த மூலைக்கு?

முதல் நாள் காலை ஆறரைக்குக் கோணேசர் கோயில். பிரெட்ரிக் கோட்டை வாசலால் நுழைந்தால் வழியெல்லாம் புள்ளிமான்கள். மரநிழலில் படுத்திருந்த ஒரு கலைமானை வைத்து மச்சான் தன் பைனாகுலரைச் சரிசெய்து காட்டினார். வலது கண்ணை மூடி, நடுச் சில்லைத் திருப்பி இடது கண்ணுக்குத் தெளிவாக்க வேண்டும். பிறகு இடது கண்ணை மூடி, வலப்பக்கக் கண்வில்லையின் வளையத்தை மட்டும் திருப்ப வேண்டும். ஒருமுறை செய்தால் போதும், அதன்பிறகு நடுச் சில்லு மட்டும்தான். இதைச் செய்யாமலே ஒரு வருடம் பார்த்துவிட்டுத் தலையிடி என்று பைனாகுலரை மூலையில் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

மலை உச்சியில், இராவணன் வெட்டுப் பக்கம், கீழே கடல் செங்குத்தாக விழுகிறது. ஆழமான கடற்பள்ளத்தாக்கு ஒன்று திருகோணமலைக் கரைக்கு மிகக் கிட்டே வருகிறது. அதனால்தான் ஆழ்கடலில் திரியும் திமிங்கலம் இங்கே கரையிலிருந்தே கண்ணில் படுகிறது. பங்குனியிலிருந்து ஆவணி வரை கடல் அடங்கியிருக்கும் காலம் அதற்கு நல்லது. மதிலில் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டு பார்த்தேன். அங்கே 10×42 தான் முதலிடம், மறைக்கவில்லை. தூரத்து வள்ளத்தில் வலை இழுப்பவரின் கை அசைவுகூடத் தெரிந்தது. கையை ஊன்ற இடம் இருந்தால் பத்து மடங்கு நல்லதுதான். காட்டிலும் கடலிலும் மதில் கிடைப்பதில்லை என்பதுதான் பிரச்சினை.

இன்னொன்றும் மனதில் ஓடியது. சின்ன வயதில், போர்க்காலத்தில், இந்த ஊருக்கு வந்தபோது, கழுத்தில் பைனாகுலரோடு கோணேசர் மலையில் நிற்பதை நினைத்தே பார்த்திருக்க முடியாது. இப்போதும் துறைமுகப் பக்கம், கடற்படை முகாம் பக்கம் அதைத் திருப்பாமல் இருப்பதே நல்லது.

இரண்டாம் நாள் விடிய ஐந்தரைக்குப் படகு. ஓட்டியவர் அறுபதைத் தாண்டியவர், எல்லோருக்கும் அண்ணன். நான் ஏறிய உடனே கண்ணில் கண்ணாடியை வைத்ததைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, முதல் அதை இறக்குங்கோ. வெறும் கண்ணால கடல் முழுக்கப் பாருங்கோ. ஊத்து எழும்பினாப் பிறகு, அந்த இடத்தை விட்டுக் கண்ணை எடுக்காம, கண்ணாடியைக் கண்ணுக்குக் கொண்டுவாங்கோ."

ஒரு வருடக் கவலைக்கு மருந்து அந்த ஒரு வார்த்தைதான். நீலத் திமிங்கலத்தின் மூச்சு, அதாவது அவர் சொன்ன ஊத்து, ஒன்பது மீற்றர் உயரம் வரை எழும்பும். அதைக் கண்டுபிடிக்கப் பைனாகுலர் தேவையே இல்லை. கண்டபிறகு முதுகின் நிறத்தையும், உடம்பின் கடைசிப் பக்கம் இருக்கும் அந்தச் சின்ன முதுகுத் துடுப்பையும், வால் தூக்குகிறதா என்பதையும் பார்க்கத்தான் அது வேண்டும். ஏழரை மணிபோல் தென்கிழக்கே ஊத்து எழும்பியது. அண்ணன் சொன்னபடி செய்தேன். 8×42 வட்டத்துக்குள் நீலச்சாம்பல் முதுகு நீண்டு, நீண்டு, முடியாமல் வந்துகொண்டே இருந்தது. கண் கலங்கிவிட்டது. மச்சான் தன் 10×42ஐ வைத்துக்கொண்டு, "எங்கே, எங்கே" என்று கேட்டுக்கொண்டிருந்தார். காரணம் இரண்டு. மடங்கு கூடினால் கை நடுக்கமும் அதே அளவு பெரிதாகும், பார்வைப் பரப்பும் சுருங்கும். ஆயிரம் மீற்றர் தூரத்தில் 8×42 ஏறக்குறைய 130 மீற்றர் அகலத்தைக் காட்டும், 10×42 அதைவிடக் குறைவாகத்தான் காட்டும். படகுக்கு மட்டுமே வேண்டும் என்றால் மாலுமிகள் வைத்திருக்கும் 7×50 இன்னும் நல்லது, ஆனால் அதன் பாரத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு காட்டில் நடக்க முடியாது.

அண்ணன் என்ஜினைக் குறைத்துத் தள்ளியே நின்றார். பக்கத்தில் போகச் சொல்லி யாரும் கேட்கவில்லை. பைனாகுலர் இருந்தால் விரட்டிக்கொண்டு போக வேண்டியதில்லை. அதை வாங்கச் சொல்வதற்கு எனக்கு இதுவே பெரிய காரணம்.

அன்று பின்னேரம் இறக்கக்கண்டிப் பாலத்தடிக்கும், மறுநாள் காலை நிலாவெளி உப்பளப் பக்கமும் போனோம். நெடுங்கால் உள்ளான், கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, ஆலாக்கள். எட்டு மணிவரை 10×42 கொஞ்சம் கூடுதலாகக் காட்டியது. பத்து மணிக்கு உப்புப் பாத்தியிலிருந்து கானல் எழும்பத் தொடங்கியதும் எல்லாப் பறவையும் தண்ணீருக்குள் நிற்பதுபோல நெளிந்தது. மடங்கு கூடக்கூட நெளிவும் கூடும். விலை உயர்ந்த வில்லையும் கானலை வெல்லாது. பேசாமல் நிழலுக்குப் போய்விட வேண்டும்.

நிழலில் இருந்தபடி மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தோம். பைனாகுலரைக் கை நீட்டிப் பிடித்து, வெளிச்சமான வானத்தைப் பார்த்தால் கண்வில்லையில் ஒரு ஒளிப்பொட்டு தெரியும். அது நல்ல வட்டமாக இருக்க வேண்டும். ஓரம் வெட்டுப்பட்டு, சதுரம் மாதிரித் தெரிந்தால் உள்ளே இருப்பது பிகே-7 என்ற மலிவான முப்பட்டகக் கண்ணாடியாக இருக்கலாம். பாக்-4 என்ற நல்ல கண்ணாடி என்றால் வட்டம் முழுதாக வரும். என் பழையதன் முன்வில்லை இரத்தினக்கல் மாதிரிச் சிவப்பாக மின்னும். அதை அழகென்று நினைத்திருந்தேன். அந்தப் பூச்சு சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்புவதால்தான் அப்படி மின்னுகிறது. உள்ளே பார்த்தால் எல்லாமே பச்சை ஓடியிருக்கும். எல்லா வில்லைகளுக்கும் பல அடுக்குப் பூச்சு இருக்கிறதா, நீர் புகாதபடி மூடி, உள்ளே ஆவி படியாமல் இருக்க நைதரசன் அடைத்திருக்கிறதா என்பதைத்தான் பெட்டியில் தேட வேண்டும். நான் மூக்குக்கண்ணாடி போடுகிறவன். என்னைப்போன்றவர்கள், கண்ணைக் கண்வில்லையிலிருந்து 15 மில்லிமீற்றராவது தள்ளி வைத்தாலும் முழு வட்டமும் தெரிகிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். எட்டு முதல் இருபத்தைந்து மடங்கு என்று மாற்றிக்கொள்ளும் சூம் வகையை வாங்காதீர்கள்.

மூன்றாம் நாள் பின்னேரம் தம்பலகாமம். மச்சானின் பெரியப்பா அங்கே வயல் செய்கிறார். இளம் வயதில் மூத்தவர்களோடு வேட்டைக்குப் போனவர். அதை விட்டு நாற்பது வருடம் ஆகிறது. மானையும் மரையையும் காக்க 1937இலேயே சட்டம் வந்திருந்தும், ஊரில் அது அப்போது யார் காதிலும் ஏறவில்லை என்று வருத்தத்தோடு சொன்னார். வெளிநாட்டில் வேட்டைக்காரர்களுக்கென்றே 8×56 விற்கிறார்கள் என்றேன். காரணத்தை அவரே சொல்லிவிட்டார்:

"விடியக் கருக்கலிலையும் பொழுதுபடேக்கையும்தான் மிருகம் வெளிய வரும். மத்தியானத்தில ஆருக்குக் கண்ணாடி வேணும்?"

56ஐ 8ஆல் பிரித்தால் 7. விரிந்த கண்மணி முழுக்க வெளிச்சம். வேட்டைக்காரனுக்குத் தெரிந்த அதே விஷயம்தான் பார்க்க மட்டும் போகிற நமக்கும் வேண்டியது.

ஆறே காலுக்கு யானைக்காவல் பரணில் ஏறினோம். அறுவடை முடிந்த வயலுக்கு அப்பால், காட்டோரம் கறுப்பாகக் கிடந்தது. வெறும் கண்ணுக்கு ஒன்றும் இல்லை. 12×25இலும் ஒன்றும் இல்லை, கறுப்புக்குள் கறுப்பு. 10×42இல் ஏதோ அசைந்தது. 8×42ஐப் பெரியப்பாவிடம் கொடுத்தேன். முழங்கையைப் பரண் கம்பில் ஊன்றி, நெடுநேரம் பார்த்தார்.

"மூண்டு பொம்பிளை, ஒரு குட்டி. பின்னால தனிய நிக்கிறது அலியன்."

இலங்கையில் ஆண் யானைகளில் பெரும்பாலானவற்றுக்குக் கொம்பில்லை. கொம்பில்லாத ஆணை, அதாவது அலியனை, பெண்ணிலிருந்து பிரித்தறிய உடல்வாகையும் நெற்றியையும் பார்க்க வேண்டும். வெளிச்சம் இல்லாத நேரத்தில் அது தெரிவதுதான் இந்த ஊரில் பைனாகுலரின் பெறுமதி. வயல் காவலுக்கு, கூட்டம் எது, தனியன் எது என்பது சின்ன விஷயம் இல்லை. பெரியப்பா அடுத்த பரணில் இருந்தவருக்குப் போன் எடுத்துச் சொன்னார். இருட்டு மூடும்வரை கண்ணாடியைத் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

உப்புவெளிக்குத் திரும்பியதும் முதல் வேலையாக இரவல் பைனாகுலரில் படிந்த உப்பையும் மணலையும் ஊதித் தட்டி, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உடலைத் துடைத்து, கடைசியில்தான் வில்லைகளைத் தொட்டேன். மணலோடு துடைத்தால் வில்லையில் கீறல் விழும். எங்கள் ஈரக்காற்றில் வில்லைக்குள் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால், சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்து, மூடி இறுகிய டின் ஒன்றில் வைக்கிறேன்.

வவுனியா திரும்பி இரண்டு கிழமையில் 8×42 ஒன்று வாங்கினேன். ஒன்றல்ல, இரண்டு. இரண்டாவது தம்பலகாமத்துக்குப் போகிறது.