புத்தகம் பிள்ளை கையில், காது நம்மிடம்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். பள்ளி முடிந்து, அம்மா அப்பா வேலையிலிருந்து திரும்பும்வரை எங்கள் தாமான் (குடியிருப்பு) பிள்ளைகள் சிலர் என் வீட்டில்தான் இருப்பார்கள். வீட்டுப்பாடம் முடிந்ததும் ஆளுக்குக் கொஞ்சம் சத்தமாக வாசிக்க வேண்டும். நான் தைத்துக்கொண்டே கேட்பேன். கண் ஊசியில் இருப்பதால் புத்தகத்தை எட்டிப் பார்க்க வழியில்லை. பிள்ளைகளுக்கு ஏற்ற இறக்கத்தோடு வாசிக்க வருவதற்கு அதுவே பெரிய காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

பொதுவாக நாம் என்ன செய்கிறோம்? பக்கத்தில் உட்கார்ந்து, வரிமேல் விரலை வைத்து, எழுத்து தப்பினால் உடனே திருத்துகிறோம். பிள்ளைக்கு அப்போது ஒரே கவலைதான்: தப்பு வரக்கூடாது. ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி ஒரே குரலில் இழுத்துக்கொண்டு போகும். இல்லையென்றால் சீக்கிரம் முடிக்க வேண்டுமென்று மூச்சுவிடாமல் ஓட்டும். அதே பக்கத்தை நாமும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, கதையை நமக்குப் புரியவைக்க வேண்டும் என்ற எண்ணம் அதற்கு எப்படி வரும்?

என் தாத்தா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். சாயங்காலத்தில் லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் உட்கார்ந்து ‘தமிழ் நேசன்’ வாசிப்பாராம். 1924-இல் தொடங்கி 2019-இல் நின்றுபோன பத்திரிகை அது. சுற்றி உட்கார்ந்தவர்களில் பலருக்கு எழுத்து தெரியாது என்று அம்மா சொல்வார். தோட்டங்களைத் துண்டாடி விற்றுக்கொண்டிருந்த காலம். 1960-இல் எங்கள் ஊர்க்காரரும் அப்போதைய அமைச்சருமான துன் சம்பந்தன், தொழிலாளர்களே பணம் சேர்த்துத் தோட்டங்களை வாங்குவதற்காகத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, அந்தச் செய்தியில் ஒரு வரி புரியாவிட்டாலும் யாராவது தாத்தாவை நிறுத்திவிடுவார்களாம். “யாரு வாங்குறாங்க? நம்ம தோட்டத்தையா?” தாத்தா திரும்ப வாசிப்பார், இந்த முறை நிறுத்தி, அழுத்தி. அவருக்கு யாரும் வாசிப்புப் பயிற்சி கொடுக்கவில்லை. கேட்டவர்களின் அவசரமே கற்றுக்கொடுத்தது.

அதே வேலையைத்தான் நானும் பிள்ளைகளிடம் செய்கிறேன். புரியாதபோது கேட்கிறேன்.

மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒரு பிள்ளை போன வாரம் ஒரு கதை வாசித்தாள். “யார் கதவைத் தட்டுவது?” என்ற வரியை உரக்க, அதட்டலாக வாசித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனாள்.

“தாத்தா ஏன்மா கத்துறாரு?” என்றேன்.

“கத்தல அத்தை. ‘என்று தாத்தா மெதுவாகக் கேட்டார்’னுதான் போட்டிருக்கு.”

“எனக்குக் கத்துன மாதிரியில்ல கேட்டுச்சு.”

அவள் கொஞ்சநேரம் பக்கத்தைப் பார்த்தாள். பிறகு தானாகவே பின்னால் போய், குரலைத் தாழ்த்தி வாசித்தாள். அடுத்த முறை குரலில் ஒரு நடுக்கமும் சேர்ந்துவிட்டது. கதையில் அது ராத்திரி நேரம். அதை நான் சொல்லவேயில்லை.

தமிழ்க் கதைகளில் இது பிள்ளைகளுக்கு உண்மையிலேயே சிரமமான இடம். பேச்சு முதலில் வந்துவிடும். பேசியது யார், சிணுங்கினாரா அதட்டினாரா என்பதெல்லாம் பெரும்பாலும் ‘என்று’ வந்த பிறகுதான் தெரியும். அதனால் வாய் திறப்பதற்கு முன்னால் கண் வாக்கியத்தின் கடைசிவரை ஒரு நடை போய்வர வேண்டும். “உணர்ச்சியோடு வாசி” என்று சொல்வதைவிட, “கடைசியில என்ன போட்டிருக்குன்னு முதல்ல பாரு” என்று சொல்வது எவ்வளவோ பயன்படுகிறது.

மூச்சு விடும் இடம் இன்னொன்று. “மழை விட்டதும் பக்கத்து வீட்டு மாமா செம்பனைத் தோட்டத்துக்குப் புறப்பட்டார்” என்ற வரியைப் பிள்ளைகள் ‘பக்கத்து’ என்ற இடத்தில் வெட்டுவார்கள். பென்சிலில் மெல்லிய கோடு போடச் சொல்வேன்: மழை விட்டதும் / பக்கத்து வீட்டு மாமா / செம்பனைத் தோட்டத்துக்குப் புறப்பட்டார். ‘தோட்டத்துக்குப்’ என்பதன் கடைசியில் நிற்கும் ‘ப்’ அடுத்த சொல்லோடு சேர்ந்து ஒலிக்க வேண்டியது. அங்கே நிறுத்தினால் வாயே இடறும். ஒற்று மிகுவதை இலக்கண விதியாக மட்டும் படிக்கும் பிள்ளைகளுக்கு, ‘இங்கே நிற்காதே’ என்று அது வழிகாட்டுவதையும் காட்டிக்கொடுத்தால் முகம் மலர்ந்துவிடும்.

எழுத்தே இன்னும் பிடிபடாத பிள்ளைக்கு இதெல்லாம் பிறகுதான். கொம்பு முன்னால் நிற்க, அதன் ஒலி பின்னால் வரும் ‘கெ’, ‘கே’ போன்றவற்றில் தடுமாறும் பிள்ளையிடம் உணர்ச்சியை எதிர்பார்ப்பது நியாயமில்லை. முதலில் எழுத்து.

“ஒரே பக்கத்தையேவா திரும்பத் திரும்ப?” என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். ஆமாம், அரைப் பக்கம் போதும். என் மகள் ஆசிரியர் கல்விக் கழகத்தில் படித்தபோது அமெரிக்க ஆய்வாளர் ஜே சாமுவேல்ஸ் 1979-இல் எழுதியதைப் பற்றிச் சொன்னாள். 50 முதல் 200 சொற்கள் உள்ள ஒரு சிறு பகுதியைச் சரளம் வரும்வரை திரும்பத் திரும்ப வாசிக்க வைத்திருக்கிறார். அடுத்த புதுப் பகுதிக்குப் போனபோது, முதல் வாசிப்பிலேயே வேகம் கூடியிருந்தது. திரும்ப வாசிக்க வேண்டிய தடவையும் குறைந்திருந்தது. எழுத்தோடு போராடுவது குறைந்தால் மனம் பொருளுக்குப் போகும் என்பது அதன் அடிப்படை. ஆனால் கடிகாரத்தை வைத்துக்கொண்டு பிள்ளையை விரட்டுவதை நான் ஏற்கமாட்டேன். வேகத்துக்காக வாசிக்கும் பிள்ளை முற்றுப்புள்ளியைக்கூட மதிக்காது.

எங்கள் பக்கத்தில் மலாய்வழித் தேசியப் பள்ளியில் படித்து வளர்ந்த பெற்றோர் நிறையப் பேர். “எனக்கே தமிழ் வாசிக்கத் தெரியாதே, நான் எப்படிக்கா சொல்லிக்கொடுப்பேன்?” என்று தயங்குகிறார்கள். தயங்கவே வேண்டாம். வீட்டில் தமிழ் பேசுகிறீர்கள், தமிழ் கேட்டால் புரிகிறது. இந்த வேலைக்கு அது போதும். இரவுச் சமையல் நேரத்தில் பிள்ளையை அடுப்படி வாசலில் உட்காரவைத்து வாசிக்கச் சொல்லுங்கள். எழுத்துப் பிழையைப் பள்ளியில் டீச்சர் பார்த்துக்கொள்வார். நீங்கள் “யாரு பேசுறா?”, “அவன் கோபமாவா சொன்னான்?”, “எனக்குப் புரியல, இன்னொரு தடவை” என்று மட்டும் கேளுங்கள். ஷிப்ட் வேலையில் இருக்கும் அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பச் சொல்லலாம், அப்பா ஓய்வு நேரத்தில் கேட்டுவிட்டு, “அப்புறம் அந்த மாமா என்ன ஆனாரு?” என்று பதில் போட்டால், மறுநாள் வாசிக்க யாரும் பிள்ளையைக் கூப்பிட வேண்டியிருக்காது.