லீஸ்டு லைன் வாங்குவதற்கு முன்: கொட்டேஷனில் தெரியாத செலவுகள்

100 எம்பிபிஎஸ் பிராட்பேண்ட் மாதம் ஆயிரம் ரூபாய் அளவில் கிடைக்கும்போது, அதே 100 எம்பிபிஎஸ் லீஸ்டு லைனுக்கு, அதாவது ஒரு நிறுவனத்துக்கென்றே ஒதுக்கும் இணைய இணைப்புக்கு, ஏன் ஆண்டுக்கு லட்சக்கணக்கில் கேட்கிறார்கள்? கிண்டி, அம்பத்தூர் பக்கம் நிறுவனங்களுக்கு லைன் எடுத்துக் கொடுக்கும் எங்களிடம் முதலில் வரும் கேள்வி இதுதான்.

பிராட்பேண்ட் ஃபைபர் பெரும்பாலும் ஜிபான் (GPON) என்ற பகிர்வு முறையில் ஓடுகிறது. ஒரு போர்ட்டில் டவுன்லோடுக்கு சுமார் 2.5 ஜிபிபிஎஸ், அப்லோடுக்கு 1.25 ஜிபிபிஎஸ். அதை ஒளியைப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் வைத்து 32 அல்லது 64 பேர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். லீஸ்டு லைனில் வாங்கிய வேகம் இரு பக்கமும் 1:1 ஆக உங்களுக்கே ஒதுக்கப்படுகிறது. நிலையான ஐபி முகவரிகள் வருகின்றன, லைன் விழுந்தால் இத்தனை மணி நேரத்தில் சரிசெய்வோம் என்ற எழுத்துபூர்வ உறுதியும் வருகிறது. இந்த மூன்றும் தேவைப்படாத நிறுவனம் லீஸ்டு லைன் வாங்கவே வேண்டாம். மெயில், கிளவுட் கணக்கு மென்பொருள், வீடியோ மீட்டிங் மட்டும் பார்க்கும் 20 பேர் அலுவலகத்துக்கு இரண்டு வெவ்வேறு கம்பெனிகளின் பிராட்பேண்டும் இரண்டு இணைய (WAN) போர்ட் உள்ள ஒரு ஃபயர்வாலும் (நெட்வொர்க்கின் வாசலில் நிற்கும் காவல் கருவி) போதும். வெளியிலிருந்து உள்ளே வரும் சர்வர், கிளைகளை இணைக்கும் விபிஎன், கால் சென்டர், தினமும் ஏற்றவேண்டிய பெரிய பேக்கப் என்று இருந்தால்தான் கணக்கு மாறும்.

எவ்வளவு வேகம் வேண்டும் என்பதை ஊகித்துச் சொல்லாதீர்கள். ஃபயர்வாலில் 5 நிமிட இடைவெளி வரைபடத்தை ஒரு மாதம் ஓடவிட்டு, உச்சத்தில் உள்ள 5 சதவீதத்தைக் கழித்துவிட்டு மிஞ்சும் உயர்ந்த அளவைப் பாருங்கள். அது 70 எம்பிபிஎஸ் என்றால் 100 வாங்கலாம். ஆனால் போர்ட்டை 1 ஜிபிபிஎஸ் ஆகக் கேளுங்கள். சிலர் 100 எம்பிபிஎஸ் மீடியா கன்வர்டரை (ஃபைபரைச் சாதாரண நெட்வொர்க் கேபிளாக மாற்றும் கருவி) மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். பிறகு 200-க்கு உயர்த்தும்போது கருவியை மாற்ற ஆள் வரவேண்டும், அதற்குத் தனிக் கட்டணம் வரும். 1 ஜி போர்ட் இருந்தால் உயர்த்துவது கம்பெனியின் பக்கம் ஒரு கான்ஃபிகரேஷன் மாற்றத்தோடு முடிந்துவிடும்.

அடுத்தது ஃபீசிபிலிட்டி, அதாவது உங்கள் இடத்துக்கு லைன் கொண்டுவர முடியுமா என்று பார்ப்பது. செலவு உண்மையில் தீர்மானமாகும் இடம் இது. உங்கள் கட்டடத்துக்கும் கம்பெனியின் அருகிலுள்ள பிஓபி (இணைப்பு நிலையம்) அல்லது கேபிள் ஜாயின்ட்டுக்கும் இடையிலான சில நூறு மீட்டர்தான் லாஸ்ட் மைல். கேபிள் ஏற்கெனவே கட்டடத்துக்குள் வந்திருந்தால் செலவு சொற்பம். சாலை வெட்டவேண்டுமென்றால் மாநகராட்சி அனுமதி, சாலையைச் சீரமைக்கும் கட்டணம், நெடுஞ்சாலைத் துறையின் சாலையாக இருந்தால் அவர்களின் தனி அனுமதி என்று அடுக்கடுக்காக வரும். 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள தொலைத்தொடர்பு வழியுரிமை விதிகள் இந்த விண்ணப்பங்களை ஒழுங்குபடுத்துகின்றன. ஆனாலும் களத்தில் காலதாமதம் இருக்கத்தான் செய்கிறது. வடகிழக்குப் பருவமழை நெருங்கும்போது சென்னை மாநகராட்சி சாலை வெட்டுக்குத் தடை போடுவது வழக்கம். செப்டம்பரில் ஆர்டர் போட்டுவிட்டு அக்டோபரில் லைன் வரும் என்று காத்திருப்பது வீண். புது அலுவலகம் திறப்பதாக இருந்தால் கோடையிலேயே ஃபீசிபிலிட்டியை முடித்துவிடுங்கள்.

தொலைபேசியில் சொல்லும் "ஃபீசிபிள் சார்" என்ற வார்த்தையை நம்பி முன்பணம் கட்டவேண்டாம். ஆள் வந்து பார்த்த சைட் சர்வே அறிக்கையைக் கேளுங்கள். ஃபைபரா ரேடியோவா, பூமிக்கடியிலா கம்பத்திலா, எத்தனை மீட்டர், எந்த ஜாயின்ட்டிலிருந்து என்று அதில் இருக்கவேண்டும். வாடகைக் கட்டடமென்றால் உரிமையாளரின் கடிதமும் வேண்டும். ஐடி பார்க்குகளில் ரைசர் (மாடிகளுக்குக் கேபிள் ஏறும் செங்குத்துப் பாதை) வழியாகக் கேபிள் ஏற்றத் தனிக் கட்டணம் கேட்பது சகஜம். அதை யார் கட்டுவது என்று முன்பே பேசாவிட்டால் வேலை தரைத் தளத்திலேயே நின்றுவிடும்.

கொட்டேஷன்களை ஒப்பிடும்போது மாத விலையை வைத்துப் பார்க்கக்கூடாது. கணக்குக்காக இரண்டு கொட்டேஷன்களை வைத்துக்கொள்வோம். முதல் கொட்டேஷனில் ஆண்டுக் கட்டணம் ரூ.2,40,000, ஒருமுறைக் கட்டணம் ரூ.15,000. இரண்டாவதில் ஆண்டுக்கு ரூ.1,80,000, ஆனால் லாஸ்ட் மைலுக்காக ஒருமுறை ரூ.1,50,000. மூன்று ஆண்டுகளுக்கு முதலாவது ரூ.7,35,000, இரண்டாவது ரூ.6,90,000. 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் ரூ.8,67,300, ரூ.8,14,200. இரண்டும் சமமாவது 2 ஆண்டு 3 மாதத்தில். வாடகை ஒப்பந்தம் அதற்குள் முடிகிறதென்றால் முதல் கொட்டேஷன்தான் மலிவு. ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் உள்ளீட்டு வரியைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அதற்குப் பில்லில் உங்கள் ஜிஎஸ்டி எண்ணும் சரியான மாநிலமும் இருக்கவேண்டும். தலைமை அலுவலகம் பெங்களூரிலும் லைன் சென்னையிலும் இருக்கும் நிறுவனங்களில் இது அடிக்கடி குழம்புகிறது.

ஒப்பந்தத்தில் எஸ்எல்ஏ, அதாவது லைன் ஓடும் நேரத்துக்கான உறுதி, 99.5 சதவீதம் என்றால் 30 நாள் மாதத்தில் 3.6 மணி நேரம் லைன் விழலாம், 99.9 என்றால் 43 நிமிடம். எண்ணைவிட முக்கியம் விலக்குப் பட்டியல். மூன்றாம் நபர் கேபிளை வெட்டியது கணக்கில் சேராது என்று எழுதியிருந்தால் அந்த 99.9-க்கு அர்த்தமே இல்லை, ஏனென்றால் நகரத்தில் லைன் விழுவதற்கு முக்கியக் காரணமே குடிநீர், மின்சார வேலைகளுக்கு வரும் ஜேசிபிதான். இழப்பீடு தானாக வராது, எழுதிக் கேட்டால்தான் பில்லில் கழிப்பார்கள். முன்கூட்டியே வெளியேறினால் மீதி மாதங்களுக்கு எவ்வளவு கட்டவேண்டும் என்பதையும் அங்கேயே பாருங்கள்.

பேக்கப் லைனில் பணம் வீணாவது இப்படித்தான்: இரண்டு கம்பெனிகளிடம் இரண்டு லைன் வாங்குவார்கள். இரண்டுமே ஒரே மூன்றாம் தரப்பின் ஃபைபரை வாடகைக்கு எடுத்து ஒரே டக்ட்டில் (கேபிள் குழாய்) வந்திருக்கும். ஒரே வெட்டில் இரண்டும் போகும். வழித்தடத்தின் கேஎம்எல் (KML) வரைபடக் கோப்பை இருவரிடமும் கேட்டு, வரைபடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். தர மறுத்தால், இரண்டாவது லைனை மொட்டைமாடி ரேடியோவில் எடுப்பது பாதுகாப்பு.

லைன் வந்த அன்று இன்ஜினியரை, ஃபைபரில் வரும் ஒளியின் வலிமையை அளக்கும் பவர் மீட்டரைக் காட்டச் சொல்லுங்கள். 4 கிலோமீட்டர் ஃபைபரில் 1310 நானோமீட்டரில் கிலோமீட்டருக்கு 0.35 வீதம் 1.4 டெசிபெல் இழப்பு. ஆறு ஸ்ப்ளைஸுக்கு (ஃபைபரை ஒட்டிய இடம்) 0.6, இரண்டு கனெக்டருக்கு 1; ஆக 3 டெசிபெல். மறுமுனையில் மைனஸ் 6 டிபிஎம் (ஒளி வலிமையின் அலகு) அனுப்பினால் உங்களிடம் மைனஸ் 9 அளவில் வரவேண்டும். மைனஸ் 17 காட்டினால், 1 ஜிபிபிஎஸ் வேகத்துக்கான எல்எக்ஸ் ஒளி மாட்யூல் அதிலும் ஓடும், இன்ஜினியரும் லிங்க் அப் என்று கிளம்பிவிடுவார். ஆனால் எங்கோ கேபிள் மடிந்திருக்கிறது அல்லது கனெக்டரில் அழுக்கு இருக்கிறது. நாளை 10 ஜிபிபிஎஸ்ஸுக்கு மாறும்போது அதற்கான எல்ஆர் மாட்யூலுக்குக் குறைந்தது மைனஸ் 14.4 தேவை, அப்போது லைன் ஏறாது, திருத்தும் செலவு பற்றி வாக்குவாதம் வரும். அளவைக் கமிஷனிங் அறிக்கையில் (லைனை இயக்கி ஒப்படைக்கும் அறிக்கை) எழுதி வாங்குங்கள்.

வேகத்தைச் சோதிக்கும்போது வைஃபையில் சோதிக்காதீர்கள். மடிக்கணினியை நேராக மாட்டி, ஐபெர்ஃப்3 (iperf3) என்ற வேகச் சோதனை மென்பொருளைப் பல ஸ்ட்ரீம்களில், இரு திசையிலும் ஓட்டுங்கள். அமெரிக்கச் சர்வருக்கு ஒரே ஸ்ட்ரீமில் வேகம் குறைவது லைனின் குற்றமல்ல: போய்வர 230 மில்லிசெகண்ட் ஆகும் தூரத்தில் 200 எம்பிபிஎஸ்ஸை நிரப்ப 5.75 மெகாபைட் டிசிபி விண்டோ (பதில் வரும்வரை அனுப்பி வைக்கக்கூடிய தரவின் அளவு) வேண்டும். இன்னொன்று, கம்பெனி தன் பக்கம் அளவை மீறிய பாக்கெட்டுகளை அப்படியே எறிந்துவிடும். ஃபயர்வாலில் ஷேப்பரை (வேகத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பு) 95 சதவீதத்தில், அதாவது 200-க்கு 190-ல் வைத்தால் வரிசை உங்கள் பக்கம் உருவாகும். குரல் அழைப்புகளுக்கு முன்னுரிமை கொடுக்க முடியும். ஐபிஎஸ் (ஊடுருவல் தடுப்பு), ஆன்டிவைரஸ் எல்லாம் போட்டபின் ஃபயர்வாலின் வேகம் அட்டைப்பெட்டியில் போட்டிருப்பதில் ஒரு பகுதிதான். லைனை 1 ஜிக்கு உயர்த்திவிட்டு 300-க்கு மேல் போகவில்லை என்று புகார் செய்பவர்கள் முதலில் இதைப் பார்க்கவேண்டும்.

பில் எந்த நாளிலிருந்து ஓடும் என்பதையும் கவனியுங்கள். கமிஷனிங் மெயில் வந்து குறித்த நேரத்துக்குள் பதில் போடாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கும். சோதனை முடியாவிட்டால், முடியவில்லை என்று அன்றே மெயிலில் எழுதிவிடுங்கள். ஒப்பந்தம் முடிய மூன்று மாதம் இருக்கும்போது புது விலை கேட்டு இன்னொரு கம்பெனியின் கொட்டேஷனையும் கையில் வைத்துப் பேசுங்கள். ஒரு எம்பிபிஎஸ் விலை பல ஆண்டுகளாகக் குறைந்துகொண்டே வருகிறது. கேட்காதவர்களின் லைன் பழைய விலையிலேயே தானாகப் புதுப்பிக்கப்படும்.