ஒய்யோடு நின்ற சூ கிராஃப்டன்

அமெரிக்கத் துப்பறியும் நாவலாசிரியர் சூ கிராஃப்டன் 2017 டிசம்பர் 28 அன்று சாண்டா பார்பராவில் காலமானார், வயது 77. ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு நாவல் என்று 1982இல் ‘ஏ இஸ் ஃபார் அலிபை’யில் தொடங்கிய வரிசை ‘ஒய் இஸ் ஃபார் யெஸ்டர்டே’யோடு நின்றுவிட்டது. இசட்டுக்கு ‘ஸீரோ’ என்று தலைப்பு வைத்திருந்தார். வேறொருவரை வைத்து எழுதவிட அவருக்கு இஷ்டமில்லை என்று குடும்பத்தார் மறுத்துவிட்டார்கள். செத்தவர் பேரிலும் புத்தகம் போட்டு விற்கிற தொழிலில் இது பெரிய விஷயம்.

அவருடைய துப்பறிவாளர் கின்ஸி மில்ஹோனுக்கு முதல் நாவலில் வயது 32, கடைசியில் 39. வெளியே 35 வருடம் ஓடியும் கதை 1989ஐத் தாண்டவில்லை. அந்தத் தொடரின் பலமே இதுதான். செல்போன் கிடையாது, கூகுள் கிடையாது. பழைய விலாசம் வேண்டுமென்றால் நூலகத்தில் டைரக்டரியைப் புரட்ட வேண்டும், பக்கத்து வீட்டில் பேச்சுக் கொடுக்க வேண்டும். துப்பு கிடைக்கிற இடத்திலெல்லாம் எதிரே ஒரு ஆள். அந்த ஆள் பொய்யும் சொல்லலாம்.

கேட்டதையெல்லாம் கின்ஸி சின்னச் சின்ன அட்டைகளில் எழுதிப் பலகையில் குத்திவைப்பாள், பிறகு கலைத்துப் போட்டுப் பார்ப்பாள். நோட்டில் எழுதினால், கேட்ட வரிசையிலேயே எல்லாம் நடந்ததாக மனசு நம்பிவிடும். துப்பறியும் கதை எழுதுபவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் யார் சொன்னது, எப்போது சொன்னது என்பதும் அட்டையில் இருக்கட்டும். இல்லையென்றால் பாதிக் கதையில் ஒரு பாத்திரம், தனக்குத் தெரியவே வழியில்லாததைப் பேசிக்கொண்டிருக்கும்.

முதல் நாவலின் விஷம் நமக்குத் தெரிந்த அரளிதான். ஒவ்வாமைக்குச் சாப்பிடும் கேப்ஸ்யூலில் மருந்துக்குப் பதில் அது. (விவாகரத்துக்குப் பின் குழந்தைகளுக்காக நடந்த வழக்கில், முன்னாள் கணவரைக் கொல்ல யோசித்துக் கிடந்தபோது தோன்றிய கதை என்று கிராஃப்டனே சொல்லியிருக்கிறார்.) சாகிற நேரத்தில் கொலையாளி பக்கத்தில் இருக்கத் தேவையில்லை, ஆக, அன்று எங்கே இருந்தாய் என்ற கேள்விக்கே அர்த்தமில்லை. அப்படிப்பட்ட கதைக்கு ‘அலிபை’ (குற்றம் நடந்தபோது வேறு இடத்தில் இருந்தேன் என்பதற்கான சான்று) என்று பெயர் வைத்த குசும்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

புதிதாகப் படிப்பவர்கள் ஏயிலிருந்து தொடங்கலாம். ஆரம்ப நாவல்கள் சின்னவை, வேகமானவை. பொறுமை இல்லாதவர்களுக்கு ‘டீ இஸ் ஃபார் ட்ரெஸ்பாஸ்’ (2007). அடுத்தவள் பெயரைத் திருடிய நர்ஸ் ஒருத்தி, தனியாக இருக்கும் முதியவர் வீட்டுக்குள் நுழைகிறாள். அவள் யாரென்று நமக்கு முதலிலேயே தெரியும், பயம் மட்டும் குறையாது. ‘எக்ஸ்’ படிக்காமல் ‘ஒய்’யை எடுக்காதீர்கள், அதில் தீராத விவகாரம் ஒன்று இதில் தொடர்கிறது.