டென்ட்டைச் சுற்றிக் கான் வெட்டாதீர்கள்

அப்புத்தளைப் பக்கம், கைவிட்டுப்போன ஒரு தேயிலை மலையில் நானும் தம்பியும் சின்னதாக ஒரு கேம்பிங் இடம் நடத்துகிறோம். ஜனவரி கடைசியில் திறந்தால் செப்டம்பரோடு மூடிவிடுவோம். தென்மேற்குப் பருவப்பெயர்ச்சியில் ஹட்டன், வட்டவளைப் பக்கம் விடாமல் பெய்யும்போது எங்களுக்குக் காற்றுதான் அதிகம். எங்கள் ஊவா மாகாணத்துக்குப் பெரிய மழை ஒக்டோபருக்குப் பிறகு. அந்த மாதங்களில் யார் கேட்டாலும் இடம் தருவதில்லை.

தலைவலி மார்ச், ஏப்ரலில்தான். காலையில் பளீரென்று வெயில் அடிக்கும். மதியம் இரண்டு, மூன்று மணிக்கு இடி இடித்துக் கொட்டும். அந்த நேரம் பார்த்துத்தான் சித்திரைப் புதுவருட விடுமுறைக்குக் குடும்பம் குடும்பமாக வந்திருப்பார்கள். நாங்கள் இந்த இடத்தைக் குத்தகைக்கு எடுத்தபோது, அரை மணி நேர மழைக்கே டென்ட்டுக்குள் தண்ணீர் வந்தது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சமையல் கொட்டகைக்கு ஓடினார்கள்.

மழை வந்ததும் மம்மட்டியை எடுத்து டென்ட்டைச் சுற்றிக் கான், அதாவது தண்ணீர் வடிகிற வாய்க்கால், வெட்டுவதுதான் எல்லோரும் செய்கிற வேலை. இன்றைக்கும் வருகிறவர்களில் சிலர் செய்யப் பார்க்கிறார்கள், நான் விடுவதில்லை. புல்லும் வேரும் போன இடத்தில் அடுத்த மழை மண்ணை அரிக்கும். வெட்டித் திருப்பிய தண்ணீர் கீழே இருக்கிற டென்ட்டுக்குப் போகும். அதோடு ஒரு சின்னக் கணக்கும் இருக்கிறது. ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு லீற்றர் தண்ணீர். எங்கள் டென்ட் தளத்துக்கு மேலே இருக்கிற சரிவு ஏறக்குறைய ஆயிரம் சதுர மீற்றர். ஒரு மணி நேரத்தில் 30 மில்லிமீற்றர் பெய்தால் அங்கே விழுவது 30,000 லீற்றர். பாதி மண்ணுக்குள் போனாலும் மீதி 15,000 லீற்றர் எங்களை நோக்கித்தான் வரும். நாலு விரல் ஆழத்து வாய்க்கால் அதற்கு என்ன செய்யும்?

பெரியப்பா தேயிலைத் தோட்டத்தில் நெடுங்காலம் கான் வெட்டினவர். அவரைக் கூட்டிவந்து காட்டினோம். டென்ட் தளத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக மேலே ஏறிப் போய், புதருக்குள் அலவாங்கால் குத்திக் குத்திப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டார்.

“ஏம்மா, இங்க பழைய கான் இருந்திருக்கு. மண்ணு போட்டு மூடிட்டாங்க. தண்ணிக்கு வேற வழி ஏது?”

எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் பெக்கோ (மண் வெட்டும் இயந்திரம்) விட்டு இடத்தைச் சமப்படுத்தியபோது கானையும் சேர்த்து மூடியிருக்கிறார்கள். பெக்கோ ஏறி இறங்கி, பிறகு எத்தனையோ கால்கள் மிதித்து, தளத்தின் மண் இறுகிப்போயிருந்தது. மேலேயிருந்து வருகிற தண்ணீரைத் தடுக்க ஒன்றுமில்லை. வந்த தண்ணீரைக் குடிக்கவும் மண்ணுக்கு வழியில்லை.

தேயிலை மலைகளில் கான்கள் சரிவுக்குக் குறுக்கே ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதன் நுணுக்கத்தை அன்றைக்குத்தான் நான் பக்கத்தில் நின்று கற்றேன். கானின் வாட்டம், அதாவது சரிவு, 120 அடிக்கு ஓரடி. அதைவிட அதிகமானால் தண்ணீர் வேகம் பிடித்துக் கானையே அரிக்கும், குறைந்தால் தேங்கி உடைக்கும். கண்ணளவில் இதைப் பிடிக்க முடியாது. தண்ணீர் நிரப்பிய தெளிவான பிளாஸ்டிக் குழாயை இரண்டு முனையிலும் தூக்கிப் பிடித்து மட்டம் பார்த்து, முளையடித்துக்கொண்டே போனோம். வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் வரப்பாகப் போட்டோம். கானுக்குள்ளேயே இடைக்கிடை குறுக்குத் திட்டு விட்டோம், கரையைவிடத் தாழ்வாக. தண்ணீர் அதில் தங்கி, மண்ணை அங்கேயே விட்டுவிட்டு, மேலால் வழிந்து போகும். வரப்பில் மானாப்புல் நட்டோம். இந்த அறிவு தோட்டத்தில் பரம்பரையாகக் கைமாறி வந்தது. மலையக மக்கள் இந்த மலைகளில் தேயிலை நட்டது மட்டுமல்ல, மண் கரைந்து போகாமல் பிடித்து வைத்ததும் அவர்கள்தான். பெரியப்பாவைப் போன்றவர்களின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை என்பது எனக்கு வருத்தம்.

டென்ட் தளங்களில் செய்த வேலை சுருக்கமானது. இறுகிய மண்ணைக் கொத்திவிட்டு, ஒவ்வொரு தளத்தையும் அரை அடி உயர்த்தி, உடைத்த கருங்கல் பரப்பி, ஒரு பக்கம் லேசாகச் சரித்தோம். இன்னொன்று, அடியில் விரிக்கிற தறப்பாள் டென்ட்டைவிட வெளியே நீட்டிக்கொண்டு இருக்கக் கூடாது. நீட்டினால் மழையைப் பிடித்து டென்ட்டுக்கு அடியிலேயே கொண்டுவந்து சேர்க்கும். ஓரங்களை உள்ளே மடித்துவிடுங்கள்.

அதிக நேரம் எடுத்தது, கானின் முடிவை எங்கே வைப்பது என்ற கேள்வி. தம்பி சொன்ன இடம் கிட்டத்தில் இருந்தது, வேலையும் குறைவு. ஆனால் அந்தச் சரிவின் அடியில் ஒரு லயம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், இருக்கிறது. அங்கே விட முடியாது என்று நான் பிடிவாதமாக நின்றேன். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களைப் புதைத்தது. எங்கள் பகுதியில் அதை மறந்தவர் யாருமில்லை. சரிவுக்குள் தண்ணீர் இறங்க இறங்க மண்ணின் பாரம் கூடும், பிடிப்புக் குறையும். பத்து டென்ட் நனையாமல் இருப்பதற்காக இன்னொருவர் வீட்டுக்கு மேலே தண்ணீரை இறக்க எனக்கு உரிமையில்லை. அதனால் கானை நீட்டி, கடைசி இறக்கத்துக்குக் கல் பதித்து, பழைய ஓடையில் கொண்டுபோய் விட்டோம். செலவு இரட்டித்தது. லயத்துக்காரர்களிடம் முதலிலேயே போய்ப் பேசினோம். ஓடையின் மதகு அடைத்துக் கிடப்பதைக் காட்டியவர்களும் அவர்கள்தான். இப்போது மார்ச் பிறக்குமுன் அதை ஒன்றாகச் சேர்ந்து துப்புரவு செய்கிறோம்.

மழை அளவையும் பார்க்கிறோம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையில் 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் என்பது விழிப்பாக இருக்க வேண்டிய அளவு, 100 தயாராக வேண்டிய அளவு, 150 வெளியேற வேண்டிய அளவு. நாங்கள் 75லேயே ஆட்களை இறக்கிவிடுவோம். கட்டிய காசைத் திருப்பித் தருவோம். சிலர் கோபப்படுகிறார்கள், பரவாயில்லை.

போன ஏப்ரல் மழைக்கு டென்ட்டுகள் தாங்கின. மேற்கு மூலையில் மட்டும் தரை காயவே மாட்டேன் என்கிறது. அடியில் ஊற்று ஏதோ கசிகிறது என்கிறார் பெரியப்பா. அங்கே இனி டென்ட் போடப்போவதில்லை. வெட்டிவேர் நாற்றுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம்.