இரவு மாத்திரை

மார்ச் 4
தம்பி ராத்திரி எழுந்து எழுந்து தண்ணீர் குடிக்கிறான். மனநோய்க்கு அவன் ராத்திரி போடும் ஓலான்சபின் மாத்திரை நாக்கை வறட்டும் என்பது தெரியும். ஆனால் இந்தத் தாகம் வேறு மாதிரி இருக்கிறது.

மார்ச் 5
வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை 138.

மார்ச் 6
126 தொட்டாலே சர்க்கரை நோய் என்கிறார்கள். ஒரே ஒரு அளவை வைத்து முடிவு கட்டுவதில்லையாம். கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தாயிற்று.

வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் "வாயைக் கட்டச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஓலான்சபின் மூளையில் ஹிஸ்டமின், செரோட்டோனின் என்கிற ரசாயனங்கள் வந்து ஒட்டும் ஏற்பிகள் சிலவற்றை அடைக்கிறது. அதனால்தான் சாப்பிட்டு எழுந்த உடனே மறுபடி பசிக்கிறது. எடை ஏறாதவர்களுக்குக்கூடச் சர்க்கரை வரலாம். இதில் அவன் வாயைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? மருந்து தொடங்கும்போதே எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு எல்லாம் பார்க்க வேண்டும், 12 வாரத்தில் சர்க்கரையை மறுபடி பார்க்க வேண்டும் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் அங்குள்ள மனநல மருத்துவர் சங்கமும் 2004-லேயே சொல்லிவிட்டன. இவனுக்கு யாருமே பார்க்கவில்லை. நினைத்தால் வயிறு எரிகிறது.

மார்ச் 8
தண்ணீர். மறுபடி தண்ணீர்.

மார்ச் 9
"அக்கா, மாத்திரைய நிறுத்திட்டா சுகர் போயிடுமா?"
"நாமளா நிறுத்தக் கூடாதுடா. டாக்டர்கிட்ட கேப்போம்."
தலையாட்டினான். அவன் காதில் மட்டும் கேட்ட அந்தக் குரல்கள் அடங்கியது இந்த மாத்திரையால்தான். அவை திரும்பி வந்தால் என்ன ஆகும் என்று அவனுக்கும் தெரியும்.

மார்ச் 11
எச்பிஏ1சி 7.1. இனிமேல் சந்தேகம் இல்லை.

சர்க்கரை மருத்துவர் மெட்ஃபார்மின் எழுதினார். ஓலான்சபினை மாற்றுவது பற்றிக் கேட்டால், அதை மனநல மருத்துவரிடம் கேளுங்கள் என்றார். அவரோ, அரிபிப்ரசோல் என்ற வேறொரு மனநோய் மருந்தில் சர்க்கரைத் தொல்லை குறைவுதான், ஆனால் மெதுவாகத்தான் மாற்ற முடியும், நடுவில் பழைய நோய் தலைதூக்கலாம் என்கிறார். இரண்டு பேரும் ஒரு தடவை தங்களுக்குள் பேசிக்கொண்டால் போதும். உடம்பு ஒன்றுதானே.

மார்ச் 12
வாந்தி, வேகமான மூச்சு, அசாத்திய மயக்கம் என்றால் உடனே அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறார்கள். ஓலான்சபின் போட்டால் எப்போதுமே மயங்கித்தான் தூங்குகிறான். எது எந்த மயக்கம் என்று எப்படிக் கண்டுபிடிப்பேன்? அறைக் கதவைத் திறந்தே வைக்கச் சொன்னேன். முறைத்தான். அப்புறம் சரி என்றான்.

மார்ச் 15
காலை 131. மெட்ஃபார்மினால் வயிற்றுப்போக்கு. சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டுப் பார்க்கிறோம்.

மார்ச் 16
ஓலான்சபினை மாற்றிப் பார்க்கலாமா என்று அவனே கேட்கிறான். நாளை இரண்டு மருத்துவர்களுக்கும் ஒரே கடிதமாக எழுதப் போகிறேன், எல்லா அளவுகளையும் சேர்த்து.